தண்ணி மாத்திரை

அய்யாவு முப்பத்தொன்பது வருடம் குதிரைகளோடு வாழ்ந்தார். குதிரைமேல் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு நிமிடம் முழுசாக இல்லை. பந்திங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து இருபத்துமூன்று வயதில் பந்தயக் குதிரை லாயத்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், கூட இருந்தவர்கள் அவரை ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விழுந்ததில் தோள்மூட்டு நழுவியது. அன்றோடு குதிரையின் முதுகைச் சவாரிக்காரர்களுக்கு விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் தான் எடுத்துக்கொண்டார்: கால், குளம்பு, பல், தீனி, சாணம், காய்ச்சல். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்து, நாளைக்கு நொண்டப்போகிற குதிரையை இன்றைக்கே சொல்லிவிடுவார்.

கடைசி இருபத்தாறு வருடம் அவருக்கு வேலை சுங்கை பூலோ தாண்டி ஒரு குதிரையேற்ற மன்றத்தில். அறுபது வயதானபோது மன்றம் அவரை அனுப்பிவிடவில்லை. வருடத்துக்கு வருடம் ஒரு கடிதம் கொடுத்து வைத்துக்கொண்டது. கடிதம் டிசம்பரில் வரும். நவம்பர் மாதம் முழுக்க அவர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். கடிதம் வராவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று மனைவி ரமணி ஒருமுறை கேட்டாள். அப்படி ஒரு நாளை அவர் யோசித்துப் பார்த்ததே கிடையாது.

அவர் பொறுப்பில் இருந்த கறுப்புக் குதிரைக்குப் பத்திரத்தில் ராயல் மெரிடியன் என்று பெயர். பந்தயத்தில் ஓடி முடித்து மன்றத்துக்கு வந்தது. யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பாது, ஓர் அலட்சியம். அதனால் அய்யாவு அதைத் துவான் என்று கூப்பிட்டார். பெரிய அதிகாரிகளை மலாயில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். ஒரு வருடத்தில் மன்றமே அதைத் துவான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரியில், தைப்பூசத்தன்று, பத்துமலைப் படியில் நூறு படிக்கு மேல் அவரால் ஏற முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி வந்துவிட்டார். முழங்கால் வலியால் கீழேயே உட்கார்ந்திருந்த ரமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, அதுக்குள்ள?"

"கூட்டம்."

ரமணி முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் பராமரிப்பு வேலை செய்தவள் அவள். அதற்கென்று பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவள். செருப்பு வார் பதிந்த இடம் புதைந்து கிடந்தது. நடைபாதை ஓரத்தில் அவரை உட்காரவைத்து, எல்லாரும் பார்க்க, வேட்டியை விலக்கி முன்னங்காலில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

"நின்னுக்கிட்டே செய்ற வேலை. வீங்காதா?"

"போன வருஷம் ஒரு தலகாணி வச்சுப் படுத்தீங்க. இப்ப மூணு. அதையும் நான்தான் கேக்கணும். நாளைக்கு கிளினிக்."

இருதயம் தளர்ந்திருக்கிறது, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார் கிளினிக் டாக்டர். மாத்திரைகள் கொடுத்தார். அதில் முக்கியமானது தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற மாத்திரை. இல்லத்தில் அதைத் தண்ணி மாத்திரை என்பார்கள். ரமணி அன்றே ஓர் ஒழுங்கு வைத்தாள். காலை ஐந்து மணிக்கு எடை பார்ப்பது, எடையைச் சுவர் நாட்காட்டியில் எழுதுவது, மாத்திரை, பிறகு வேலைக்கு. மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலையைக் காட்டும். பத்து மணிக்குள் ஐந்து ஆறு தடவை போகவேண்டியிருக்கும். மன்றத்தில் கழிவறை தீனிக் கிடங்குக்குப் பின்னால், லாயத்திலிருந்து முப்பது தப்படி தூரம். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மன்றத்தின் மேலாளர் ராதாகிருஷ்ணன் எல்லாக் குதிரைக்காரர்களையும் தீனிக் கிடங்கில் கூட்டினார். ஆசிய இளையோர் தடைதாண்டும் வெற்றியாளர் போட்டி அக்டோபரில் இங்கே நடக்கப்போகிறது என்றார். பத்து நாடுகள். இருபது வருடமாக அவர் எதிர்பார்த்த நாள் அது.

"யாரும் குதிரை கொண்டு வர மாட்டாங்க. ஃப்ளைட்ல ஏத்திட்டு வந்து கட்டுப்படியாகாது. சவாரி பண்ற பிள்ளைங்க மட்டும்தான் வருவாங்க. குதிரை நம்மளது, முப்பது குதிரை. சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க. எந்தக் குதிரை வருதோ அதுலதான் ஏறணும்."

"அப்ப நம்ம குதிரை ஜெயிச்சா அவங்க நாட்டுக் கொடி ஏறும். நமக்கு ஒண்ணும் இல்லையா பாஸ்?" என்று கேட்டான் யுகேந்திரன். துவானுக்கு அடுத்த அறைக் குதிரை அவன் பொறுப்பு. முப்பத்தெட்டு வயது. முன்பு பந்தய லாயங்களில் வேலை செய்தவன்.

"உனக்கு ஒரு டீ-ஷர்ட் உண்டுலா."

"எக்ஸ்எல் பாஸ். வயித்துக்குத் தக்கன."

எல்லாரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். அடுத்த வாரமே உடல்நலப் படிவம் வந்தது. குதிரையைத் தொடுகிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போடவேண்டும். ராதாகிருஷ்ணன் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் வாசித்துக் கேட்டார்.

"ஹார்ட் பிராப்ளம் இருக்கா அங்கிள்?"

"இல்ல."

"பிரெஷர், இனிப்புநீரு, சுகரு?"

"இல்ல."

"தினம் சாப்பிடுற மருந்து ஏதாச்சும்?"

"இல்ல பாஸ்."

"இருந்தா சொல்லிடுங்க, பிரச்சினை இல்ல. போட்டி முடியிற வரைக்கும் வேற ஆளப் போட்டுக்கலாம்."

அந்த வேற ஆளுக்காகத்தான் அவர் இல்லை என்று சொன்னார். போட்டிக்கு ஆகாதவனுக்கு டிசம்பரில் யார் கடிதம் கொடுப்பார்கள்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்தார்கள். புதிய மணல் வந்தது, கூடாரம் வந்தது, பத்துக் கொடிக்கம்பம் நட்டார்கள். கடைசியில் வேலி வந்தது. லாயத்தைச் சுற்றி வெள்ளை வேலி, ஒரே வாசல், வாசலில் காவலாளி. கழுத்து அட்டையைக் காட்டி, புத்தகத்தில் நேரம் எழுதி, மருந்துத் தண்ணீர்த் தட்டில் சப்பாத்துக் காலை முக்கித்தான் போகலாம், வரலாம். வேலி தீனிக் கிடங்குக்கு இந்தப் பக்கமாக ஓடியது. கழிவறை அந்தப் பக்கம் போய்விட்டது. அதைப் போட்டிக்கு வரும் அதிகாரிகளுக்கு ஒதுக்கிப் பூட்டும் போட்டார்கள். லோரியில் நான்கு நடமாடும் கழிவறைகள் வந்தன. நான்கையும் பார்வையாளர் மேடைக்குப் பக்கத்தில் இறக்கினார்கள்.

"லாயத்துக்கு ஒண்ணு வேணும் பாஸ்," என்றார் அய்யாவு.

"நாளைக்கு வந்துரும் அங்கிள்."

ராதாகிருஷ்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்கு அன்று ஒரே நேரத்தில் மூன்று கைப்பேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. மறந்துவிட்டார். அவ்வளவுதான்.

முதல் நாள் காலை ஆறே முக்காலுக்கு அய்யாவு வாசலுக்குப் போனார். காவலாளி ஒரு நேபாளி; நிதானமானவன். எழுதினான், அட்டையைப் பார்த்தான், மறுபடி எழுதினான். பார்வையாளர் மேடை நானூறு அடி தூரம். பாதி வழியில் கால்சட்டை நனைந்துவிட்டது. அப்படியே திரும்பி வந்து, குதிரை குளிப்பாட்டும் குழாயைத் திறந்து இடுப்புக்குக் கீழே முழுசாக நனைத்துக்கொண்டார்.

"என்னண்ணே, காலையிலயே குளியலா?" என்றான் யுகேந்திரன்.

"துவான் வாளியத் தட்டிவிட்டுருச்சு."

அன்று இரண்டாவது தடவை முட்டியபோது அவர் வாசலுக்குப் போகவில்லை. துவானின் அறைக்குள் போய், பின்மூலையில், தரையில் பரப்பியிருந்த மரச்சீவலில் கழித்தார். அது அப்படியொன்றும் கேள்விப்படாத காரியம் இல்லை. பழைய லாயங்களில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். குதிரை ஒரு நாளைக்கு ஒரு வாளி கழிக்கிற இடத்தில் மனிதன் கழிப்பது ஒரு பெரிய விஷயமா? சீவல் உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலம் அவரேதான் அள்ளிக் கொட்டப்போகிறார். தூணில் பதினேழு விதிகளை ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தார்கள். யுகேந்திரன் முதல் மூன்றைப் படித்துச் சொன்னான்: புகைக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, வேறு குதிரையைத் தொடக்கூடாது. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

துவான் உப்புப் பிரியன். வேர்த்து வந்தால் சுவரைக்கூட நக்கும். போட்டி நடந்த நான்கு நாளும் அது பின்மூலையில் மூக்கை வைத்துத் துழாவி, அங்கே சிதறிக் கிடந்த காய்ந்த புல்லை ஒவ்வொரு தாளாகப் பொறுக்கித் தின்றது. அய்யாவு அதைப் பார்த்தார். பசி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமென்றும் அவருக்குத் தோன்றியது. இரண்டாம் நாள் விடியலில் வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். ரமணி தண்ணீர்க் குவளையைத் திரும்ப வாங்காமல் நின்றாள்.

"வாயத் திறங்க."

திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க. அந்தப் பக்கம். முழுங்குங்க."

விழுங்கினார்.

"இல்லத்துல நூறு பேருக்கு மாத்திரை குடுத்தவ நான். என்கிட்டயேவா? நாளைக்கு மூச்சு முட்டி விழுந்தா உங்க துவானா வந்து தூக்கும்?"

ஏன் என்று அவள் கேட்கவில்லை. வயதானவர்கள் மாத்திரையை ஒளிப்பது அவளுக்குப் புதிதல்ல. காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த கட்டிலுக்குப் போகமுடியாது. கழிவறை தூரம் என்று இரண்டு வார்த்தை அவரும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் நனைந்த கால்சட்டையையும் சொல்லவேண்டும். அவர் சொல்லவில்லை.

சீட்டில் துவான் ஒரு பிலிப்பினோப் பெண்ணுக்கு விழுந்தது. பியாங்கா, பதினாறு வயது, துவானின் தோள் உயரம்கூட இல்லை. முதல் பயிற்சியில் துவான் இரண்டு தடவை தடைக்கு முன்னால் நின்றுவிட்டது. அவள் இறங்கி வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, ஆங்கிலத்தில் அய்யாவிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன செஞ்சா இதுக்குப் பிடிக்கும்னு கேக்குதுண்ணே," என்றான் யுகேந்திரன்.

"வாய இழுக்காதன்னு சொல்லு. கையச் சும்மா வச்சிருந்தா அதுவே தாண்டும்."

"நோ புல்லிங், மிஸ். யூ டூ நத்திங். ஹீ ஜம்ப் ஹிம்செல்ஃப்."

"அவ்வளவுதானா? நான் இன்னும் நீட்டமா சொன்னேனே."

"நீங்க தமிழ்ல நீட்டமா சொன்னீங்க. இங்கிலீஷ்ல இவ்வளவுதான்."

அந்தப் பெண் அவர் சொன்னபடியே செய்தாள். கடைசி நாள் இரண்டு சுற்றிலும் துவான் ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை. மூன்றாம் இடம், வெண்கலம். அவளுடைய நாட்டிலிருந்து வந்திருந்த ஏழெட்டுப் பேர் கத்திய கத்தலில் துவான் காதை மடக்கிக்கொண்டது. புகைப்படத்துக்கு அவள் அய்யாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அந்தப் படத்தில் அவர் இரண்டு காலையும் ஒட்டவைத்து விறைப்பாக நிற்பார். பார்க்கிறவர்கள் மரியாதைக்கு அப்படி நிற்கிறார் என்று நினைப்பார்கள். அவருக்கு அப்போது முட்டிக்கொண்டிருந்தது.

வெற்றி பெற்ற குதிரைகளிடம் சிறுநீர் எடுத்துச் சோதிப்பது விதி. நீண்ட கம்பியின் நுனியில் குவளையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் அதிகாரி வந்தார். சில குதிரைகள் இரண்டு மணி நேரம்கூட காக்கவைக்கும் என்றார். அய்யாவு துவானைப் புதுச் சீவலில் நிறுத்தி, நாக்கை மடித்து மெல்ல விசில் அடித்தார். குதிரைகளுக்கு அது பழக்கம்; குட்டியாக இருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டால் சிறுநீர் கழிக்கப் பழக்கிவிடுவார்கள். எட்டு நிமிடத்தில் துவான் பின்னங்காலை விரித்தது. அதிகாரி அவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். விசில் அடித்து அடித்து அவருக்கே தாங்கவில்லை. குப்பியில் முத்திரை வைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, நேரே பின்மூலைக்குப் போனார்.

ஐந்து வாரம் கழித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. துவானின் சிறுநீரில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது.

ராதாகிருஷ்ணன் ஐந்து நிமிடத்தில் பத்து வயது கூடிப்போனவர் மாதிரி இருந்தார். இனி யார் இந்த மன்றத்துக்குப் போட்டி கொடுப்பார்கள்? மூக்கில் ரத்தம் கசிகிற பந்தயக் குதிரைகளுக்குச் சில நாடுகளில் இந்த மருந்தை ஊசியில் போடுவார்களாம். லாயத்தில் அது யாருக்குத் தெரியும்? பந்தய லாயத்தில் வேலை செய்த யுகேந்திரனுக்குத் தெரியும். கடைசி நாள் காலை அவனைக் கையில் ஊசிக்குழலோடு பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். பார்த்தது உண்மை. ஊசியில்லாத குழலில் உப்புத் தண்ணீரை நிரப்பித் தன் குதிரையின் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. விசாரணை முடியும்வரை மன்றத்துக்குள் வரவேண்டாம் என்று அவனை அனுப்பினார்கள். அன்று திங்கட்கிழமை.

அய்யாவு வீட்டுக்கு வந்து பொருமினார்.

"பாவம், யுகேன் அப்படிப்பட்டவன் இல்ல. வாய்தான் நீளம். எவனோ வெளிய இருந்து வந்து குத்திட்டுப் போயிருக்கான்."

"என்ன மருந்தாம்?"

"வாயில நுழையல. குரூப்புல கடிதத்தப் போட்டிருக்காங்க, பாரு."

ரமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை வாங்கினாள். ஆங்கிலக் கடிதத்தில் மற்ற எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மருந்துப் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பத்தொன்பது வருடம் மாத்திரை அட்டைகளில் அவள் படித்த பெயர். எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த டப்பாவைத் திறந்து, அவருடைய அட்டையை எடுத்துவந்து கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஃபுரோசமைட். இரண்டிலும் அதேதான்.

"தீனியில விழுந்துச்சா? சட்டைப் பையில வச்சிருந்தீங்களா?"

"இல்லையே. நீதானே வாயத் திறந்து பார்த்துட்டு அனுப்புறே."

"அப்ப எப்படிப் போச்சு குதிரைக்குள்ள?"

அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. அவருடைய முகத்தைப் பார்த்து ரமணிக்கும் பாதி புரிந்தது.

"எங்க போனீங்க?"

அவர் அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"நான் கேக்குறேன். போட்டி நடந்தப்ப ஒண்ணுக்கு எங்க போனீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வேலி, பூட்டு, நேபாளி, நனைந்த கால்சட்டை, பின்மூலை, புல்.

ரமணி நெடுநேரம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை.

"வெளிய கூட்டிட்டுப் போற நாள்ல இல்லத்துல தண்ணி மாத்திரைய காலையில குடுக்க மாட்டோம்," என்றாள். "பஸ்ஸுல என்ன பண்ணுவாங்க? திரும்பி வந்து மதியம்தான் குடுப்போம். டாக்டரே அப்படித்தான் சொல்லுவாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மதியத்துக்கு மாத்தியிருப்பேன். நானும் கேக்கல. வாயத் திறங்கன்னேன், ஏன் ஒளிக்கிறீங்கன்னு கேக்கல."

"இப்ப என்ன பண்றது?"

"போய்ச் சொல்லணும்."

"சொன்னா வேலை போயிரும் ரமணி. படிவத்துல இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். அடுத்த மாசம் கடிதம்."

"சொல்லாட்டி யுகேனுக்குப் போகும். அவனுக்கு மூணு பிள்ளைங்க."

"அவன் செய்யலன்னு அவங்களே கண்டுபிடிச்சிருவாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? உங்க மூத்திரத்துல பேரா எழுதியிருக்கு?"

செவ்வாய்க்கிழமை அவர் சொல்லவில்லை. புதன்கிழமையும் சொல்லவில்லை. லாயத்தில் மற்றவர்கள் யுகேந்திரனுக்கு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'டாக்டர் இன்னிக்கு லீவா? ஊசி யாரு போடுறது?' அய்யாவு கேட்டுக்கொண்டே புல் போட்டார். யுகேந்திரன் இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டான். நீங்கதாண்ணே பக்கத்திலேயே இருந்தீங்க, நான் கண்ணு கழுவுனத நீங்க பார்த்தீங்கன்னு சொல்லுங்கண்ணே என்றான். அய்யாவு அவனுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பயப்படாத. கடவுள் இருக்காருப்பா."

ரமணி வற்புறுத்தவில்லை. தினமும் காலையில் எடையை எழுதிவிட்டு, மாத்திரையைக் கையில் வைக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "இன்னிக்குச் சொல்றீங்களா?" வெள்ளிக்கிழமை மாத்திரை அவர் கையில் நெடுநேரம் இருந்தது.

"நாளைக்கு விசாரணை," என்றார். "நீயும் வா."

விசாரணை பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தின் நான்காம் மாடியில். சனிக்கிழமை காலை மாத்திரையை ரமணி கொடுக்கவில்லை, கைப்பையில் போட்டுக்கொண்டாள். கூடவே அட்டை, கிளினிக் புத்தகம், எடை எழுதிய நாட்காட்டித் தாள்கள். போய்ச் சேர்ந்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் முதலில் கழிவறை எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டு அம்மாள், ஒரு கால்நடை மருத்துவர், ராதாகிருஷ்ணன். இந்தப் பக்கம் யுகேந்திரன் ஒரே ஆளாக, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். அய்யாவைப் பார்த்ததும் தனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றான்.

அய்யாவு தமிழில் சொன்னார். ராதாகிருஷ்ணன் முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவதில் நின்றுவிட்டார்.

"அங்கிள், நெசமாவா?"

"நெசந்தான் பாஸ். சொல்லுங்க."

ராதாகிருஷ்ணன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை தடவை? எந்த மூலை? நின்றா, உட்கார்ந்தா? புல் அங்கே எப்படி வந்தது? கால்நடை மருத்துவர் ஒரு தாளில் லாயத்தின் அறையை வரைந்து அவர் பக்கம் நீட்டினார். அறுபத்திரண்டு வயதில், அந்நியர் இரண்டு பேர் முன்னால், தான் சிறுநீர் கழித்த இடத்தில் அய்யாவு ஒரு பெருக்கல் குறி போட்டார். ரமணி அட்டையையும் புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைத்து, திங்கட்கிழமையே தங்களுக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். மருத்துவர் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குதிரைக்குள் இருந்தது மிகச் சிறிய அளவு, ஊசி போட்டிருந்தால் இவ்வளவு குறைவாக இருக்காது, இவர் சொல்வது பொருந்துகிறது என்றார். வெளிநாட்டு அம்மாள் ஒரு தாளை எடுத்துப் பதினோராவது விதியைப் படித்தார். லாயத்துக்குள் சிறுநீர் கழிக்கக்கூடாது. தூணில் ஒட்டியிருந்த தாள்தான் அது.

"அந்தப் பிள்ளையோட மெடல் என்ன ஆகும்?" என்று கேட்டார் அய்யாவு.

அம்மாள் நீளமாகப் பதில் சொன்னார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. ராதாகிருஷ்ணன் அதைச் சுருக்கினார்.

"திருப்பிக் குடுத்துறணும் அங்கிள். எப்படிப் போயிருந்தாலும் மருந்து குதிரைக்குள்ள இருந்துச்சில்ல. விதி அதுதான்."

யுகேந்திரனை விட்டுவிட்டார்கள். அவன் அய்யாவைப் பார்க்காமல் வெளியே போனான். மின்தூக்கியில் ராதாகிருஷ்ணனும் அவர்களும் மட்டும் இறங்கினார்கள்.

"லாயத்துக்கு டாய்லெட் சொன்னீங்க, நான் மறந்துட்டேன்," என்றார் ராதாகிருஷ்ணன். "அத நானும் எழுதிக் குடுக்குறேன். ஆனா ஃபார்ம்ல இல்லன்னு போட்டுட்டீங்களே அங்கிள். அத நான் எப்படி மாத்துவேன்?"

"மாத்த வேணாம் பாஸ்."

டிசம்பரில் கடிதம் கிடையாது என்று மன்றம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. நவம்பர் கடைசி நாள் மற்றவர்கள் அவருக்கு ஒரு கேக் வெட்டினார்கள். வெட்டும்போது யாரோ பின்னால் நின்று மெல்ல விசில் அடித்தான், நாலைந்து பேர் சிரித்தார்கள். மன்றம் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அய்யாவு கேக்கைத் தின்றார். சக்கரை அதிகம் என்று சொன்னார்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு யுகேந்திரன் வீட்டுக்கு வந்தான். ரமணி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டுவிட்டு, தேநீர் போட அடுப்படிக்குப் போனாள். அவன் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"உக்காருப்பா."

"பரவால்லண்ணே." அவன் உட்காரவில்லை. "அஞ்சு நாளு அண்ணே."

அய்யாவு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும்னு ஆன்டியே அன்னிக்கு அங்க சொன்னாங்க. சனிக்கிழம வரைக்கும் என்னைய அப்படியே விட்டு வச்சீங்க. என் மூத்த பொண்ண ஸ்கூல்ல கேட்டிருக்காங்க, உங்கப்பா குதிரைக்குப் போதை ஊசி போட்டாராமேன்னு. நான் உங்களுக்குத்தான் ஃபோன் பண்ணேன். கடவுள் இருக்காருன்னீங்க."

"தப்புதான்."

"தப்புன்னு எனக்கும் தெரியும்ணே. அதக் கேக்க வரல. எதுக்கு வந்தேன்னே தெரியல." தலைக்கவசத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "துவான என்கிட்டதான் விட்டிருக்காங்க. அதைச் சொல்லணும்னு நெனச்சேன்."

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது."

"மிச்சம் வைக்குதா?"

"இல்லண்ணே. காலி பண்ணிருது."

அய்யாவு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "மொத ரெண்டு நாளு எப்படி இருந்துச்சு?"

"எந்த ரெண்டு நாளு?"

"நான் இல்லாம."

வேறு நாளாக இருந்தால் யுகேந்திரன் ஏதாவது சொல்லியிருப்பான். துவான் வாசலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது, தீனியில் வாயே வைக்கவில்லை என்று இரண்டு பொய் சொல்லத் தெரியாதவன் அல்ல. அன்று அவனுக்கு மனசு வரவில்லை.

"எப்பவும் போலத்தாண்ணே இருந்துச்சு," என்றான். "வரேன்."

ரமணி தட்டில் மூன்று கோப்பையோடு வந்தபோது கீழே மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

அவள் தட்டைக் கீழே வைத்து, அவருக்கு அரைக் கோப்பை கொடுத்தாள். ஒரு நாளைக்கு இத்தனை தண்ணீர்தான் உள்ளே போகலாம் என்று டாக்டர் அளவு வைத்திருந்தார். தன்னுடையதை நின்றபடியே குடித்தாள். மூன்றாவது கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினாள்.